சீட் பிளாக் பண்ணச் சொல்கிறார்கள்: பிளாக் ஆவது எது?

அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள்ளேயே தேனியிலும் கம்பத்திலும் கல்லூரி சேர்க்கை தொடங்கிவிடுகிறது. பிளஸ் டூ பிள்ளைகள் இன்னும் பொதுத்தேர்வே எழுதவில்லை. அதற்குள் பேருந்து நிலையச் சுவர்களில் தனியார் பல்கலைக்கழகங்களின் பிளக்ஸ் ஏறிவிடுகிறது. "முதல் கட்ட சேர்க்கை", "குறைந்த இடங்களே உள்ளன", "இந்த மாதம் சேர்ந்தால் சிறப்புச் சலுகை" என்று எழுதியிருக்கும். கல்யாண மண்டபங்களில் கல்விக் கண்காட்சி நடக்கும். டியூஷன் நடத்துகிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர், ஏற்கெனவே அந்தக் கல்லூரியில் படிக்கும் சீனியர் என்று ஊருக்குள் ஆள் பிடிக்க ஒரு வலையே இருக்கிறது. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு சீட்டை பிளாக் பண்ணி வச்சிருங்க."

பத்தாயிரம், இருபத்தைந்தாயிரம் என்று முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். பல இடங்களில் பிள்ளையின் அசல் சான்றிதழையும் கேட்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் காலனிகளில் வேலை செய்யும் நாங்கள் இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. முன்கூட்டியே பணம் கட்டிச் சேர்வது நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நட்டம். பணம் போவது அந்த நட்டத்தில் ஒரு பகுதிதான். எழுபது ஆண்டுப் போராட்டத்தில் நாம் பெற்ற உரிமைகள் எந்த வாசல் வழியாக வருகின்றனவோ, அந்த வாசலை விட்டே பிள்ளை விலகிப்போகிறது.

இரண்டு காலண்டர்கள்

உயர்கல்விச் சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் இரண்டு காலண்டர்கள் ஓடுகின்றன. தனியார் பல்கலைக்கழகங்களின் காலண்டர் நவம்பர், டிசம்பரில் தொடங்கி, பொதுத்தேர்வுக்கு முன்பே முதல் சுற்றை முடித்துவிடும். அரசின் காலண்டர் தேர்வு முடிவு வந்த பிறகுதான் சூடு பிடிக்கும். 2025ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பப் பதிவு அதற்கு முந்தைய நாள் தொடங்கியது. கலந்தாய்வு ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடந்தது. டிசம்பரில் பணம் கேட்கிறவர்களுக்கும் ஆகஸ்டில் இடம் தருகிற அரசுக்கும் நடுவே எட்டு மாதம். அந்த எட்டு மாத பயத்தைத்தான் ஏஜெண்டுகள் விற்கிறார்கள்.

"விவரம் தெரியாத சனங்க, ஏமாந்து கட்டிடுறாங்க" என்று நம் தோழர்களே சிலர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. பொழுது விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டியபின் திரும்புகிற ஒரு அம்மாவுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். சின்னமனூர் பக்கத்தில் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "ஆகஸ்டு வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா பிள்ள ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிரும்யா. இல்லன்னா திருப்பூருக்குப் போயிரும். பொம்பளப் பிள்ளைன்னா மாப்பிள்ள பாத்துருவாங்க." மே முதல் ஆகஸ்ட் வரையிலான காத்திருப்பு வசதியானவர்களுக்கு விடுமுறை. நமக்கு அது படிப்பு நின்றுபோகிற காலம். மகளிர் குழுக் கடனில் முன்பணம் கட்டுகிற குடும்பம், பிள்ளையின் படிப்புக்கு ஒரு தாழ்ப்பாள் போடுவதாகவே நினைக்கிறது. தாழ்ப்பாள் தேவைதான். அதைத் தவறான கதவில் போட வைக்கிறார்கள் என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

ஒரே கட்டடம், இரண்டு வாசல்

தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரி என்றால் அதன் 65 சதவீத இடங்கள் அரசு ஒதுக்கீடு. அவை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாக நிரம்பும். மீதி 35 சதவீதம் நிர்வாக ஒதுக்கீடு, அதாவது மேனேஜ்மெண்ட் கோட்டா. சிறுபான்மைக் கல்லூரி என்றால் பாதிக்குப் பாதி. இரண்டு வாசல் வழியாக வந்தவர்களும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஆனால் வாசலைப் பொறுத்து உரிமை மாறிவிடுகிறது.

கலந்தாய்வு வாசலில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதில் ஆதிதிராவிடர் 18 சதவீதம். அதற்குள் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கு 3 சதவீதம். பழங்குடியினருக்கு 1 சதவீதம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும் அங்கேதான். மருத்துவப் படிப்புக்கு 2020லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கு 2021லும் இதற்குச் சட்டம் வந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளாகவே கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளிகள் வராது. நம் பள்ளத்தாக்கில் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் நிறைய என்பதால், இந்த வேறுபாட்டை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். 7.5 சதவீதத்தில் இடம் பெறும் பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் ஒற்றைச்சாளரத்தில் வந்தவர்களுக்கே.

அடுத்தது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் தலித், பழங்குடி மாணவர்களின் முதுகெலும்பு இது. தமிழ்நாடு அரசு 2012 செப்டம்பரில் அரசாணை 92ஐ வெளியிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்றது அந்த ஆணை. எத்தனையோ வீடுகளில் முதல் பொறியாளரை உருவாக்கியது அந்த ஒரு காகிதம். ஆனால் 2018இல் மத்திய அரசு போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியபோது, மேனேஜ்மெண்ட் கோட்டா இடங்களுக்கு உதவித்தொகை கிடையாது என்று ஆக்கிவிட்டது.

இப்போது டிசம்பர் முன்பணத்தை இதனோடு சேர்த்துப் பாருங்கள். டிசம்பரில் திறந்திருப்பது எந்த வாசல்? கலந்தாய்வு வாசல் அப்போது மூடியிருக்கிறது. பணம் கட்டி உள்ளே போகிற பிள்ளை மேனேஜ்மெண்ட் வாசலில்தான் போகிறது. அதே மதிப்பெண், அதே காலனி, அதே கல்லூரி. ஆகஸ்டில் கலந்தாய்வில் வந்தவருக்கு உதவித்தொகை. டிசம்பரில் வந்தவருக்குக் கடன். அவசரப்பட்டதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நிலை இன்னும் மோசம். அவை மாநிலக் கலந்தாய்வுக்குள்ளேயே வருவதில்லை. 69 சதவீதம் அங்கே நுழைவதில்லை. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீட்டுக்குச் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் 15(5) பிரிவு சொல்கிறது. 93ஆவது திருத்தத்தின் வழியாக அது வந்து இருபது ஆண்டு ஆகிறது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. ஆனாலும் தனியார் நிறுவனங்களுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் "ஸ்காலர்ஷிப்" என்ற சொல்லை வைத்து விளையாடுகிறார்கள். "இன்னைக்கே கட்டுனா அம்பதாயிரம் ஸ்காலர்ஷிப்மா" என்கிறார் ஏஜெண்ட். ஏற்றி வைத்த விலையில் கொஞ்சம் குறைப்பது தள்ளுபடி. தீபாவளிக்குத் துணிக்கடை செய்வதும் அதுதான். அரசின் உதவித்தொகை நம் உரிமை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதில் உள்ள தந்திரத்தை நம் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும்.

கட்டியாயிற்று என்றால்?

ஏற்கெனவே முன்பணம் கட்டிய குடும்பங்கள் "போனது போச்சு, அங்கேயே சேர்ந்திருவோம்" என்று முடிவெடுக்கின்றன. அப்படி முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவற்றின் கீழுள்ள கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். சேர்க்கைக்கான கடைசி நாள் என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட தேதியை வைத்து அது கணக்கிடுகிறது. அந்தத் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்னதாக விலகினால் 100 சதவீதம் திரும்ப வர வேண்டும். இதில் மட்டும் நிர்வாகச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாளுக்குள் 80 சதவீதம். 30 நாளுக்குள் 50 சதவீதம். அதற்கும் மேல் போனால் ஒன்றுமில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கணக்கின் அச்சாணி "கடைசி நாள்". "எங்கள் முதல் கட்டச் சேர்க்கை ஜனவரியிலேயே முடிந்தது" என்று ஒரு நிறுவனம் சொன்னால், ஆகஸ்டில் கலந்தாய்வில் இடம் கிடைத்து விலகும் பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்று வாதாட முடியும். முன்கூட்டிய சேர்க்கையின் லாபக் கணக்கு இதில்தான் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அண்மை ஆண்டுகளில் யுஜிசி காலண்டர் தேதியையே குறித்துச் சுற்றறிக்கை அனுப்புகிறது. 2024-25 கல்வியாண்டுக்கு, 2024 செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் தர வேண்டும் என்றது. ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சுற்றறிக்கையைத் தேடி எடுத்துக் கையில் வைத்திருப்பது நம் வேலை. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ விதியும் இருக்கிறது. படிப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது.

அதே 2018 அறிவிக்கை வேறு இரண்டையும் சொல்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும்; வைத்துக்கொள்ளக் கூடாது. நடப்பு ஆண்டுக்கோ பருவத்துக்கோ மட்டுமே கட்டணம் வாங்கலாம். முழுப் படிப்புக்கும் சேர்த்து வாங்கக் கூடாது. பணத்தைவிடச் சான்றிதழைப் பிடித்து வைப்பதுதான் நம் பிள்ளைகளை அதிகம் கட்டிப்போடுகிறது என்பது எங்கள் அனுபவம். மாற்றுச் சான்றிதழ் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் அரசுக் கல்லூரியில் கிடைத்த இடம் கைவிட்டுப் போகும். திருப்பித் தர மறுத்தால் வாயால் கேட்டு அலைய வேண்டாம். எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். விண்ணப்பம் கிடைத்த 15 நாளில் பணம் வர வேண்டும். வரவில்லை என்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள்.

வெளிநாட்டு விதி வேறு

நம் இளைஞர்களில் சிலர் இப்போது அமெரிக்கா, இங்கிலாந்து என்று விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. அவர்கள் அங்குள்ள 'முன்கூட்டிய விண்ணப்பம்' பற்றி எங்களிடம் கேட்கிறார்கள். அங்கே விதிகள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு எர்லி டிசிஷன் என்று ஒரு முறை உண்டு. பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும், டிசம்பரில் முடிவு வரும். அப்படி ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கொடுக்கும் நிதியுதவி போதவில்லை என்றால்தான் விலக வழி. எர்லி ஆக்ஷன் என்ற இன்னொரு முறையில் முடிவு முன்கூட்டியே தெரியும், ஆனால் கட்டாயம் இல்லை. மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் போன்றவை கட்டாயம் இல்லாத இந்த முறையிலேயே, வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் யூகாஸ் வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் சேர்த்து முடியாது. அவற்றுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15 கடைசி நாள்.

நிதியுதவி இல்லாமல் போக முடியாத நம் பிள்ளைகள், கட்டாயப்படுத்தும் முறையில் விண்ணப்பிக்கும் முன் பத்து முறை யோசிக்க வேண்டும். நாலு இடத்தில் கிடைக்கும் உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அது எடுத்துக்கொள்கிறது. இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. முன்கூட்டிய சேர்க்கை வசதியுள்ளவர்களுக்கே சாதகமாக இருக்கிறது என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011இல் திரும்பவும் கொண்டுவந்தன. போட்டியாளர்கள் விடாதபோது தாங்கள் மட்டும் நேர்மையாக இருக்க அவர்களுக்கே முடியவில்லை!

இந்தியாவில் எத்தனை பல்கலைக்கழகத்துக்கு வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றில் முன்பணம் கட்டியதால் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று யுஜிசி விதி எதுவும் இல்லை. அங்கே கையெழுத்து கட்டிப்போடுகிறது. இங்கே கடனும் பயமும் கட்டிப்போடுகின்றன.

நிமிடங்களின் விலை

"சீக்கிரம் வந்தவனுக்குச் சீட்டு, இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். கடைசி நாள் எல்லோருக்கும் ஒன்றுதானே என்பார்கள். அதுல் குமார் வழக்கைப் படிக்கச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர்; தினக்கூலித் தொழிலாளியின் மகன். 2024இல் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஊரில் கடன் வாங்கிப் பணம் சேர்வதற்குள் மணி ஐந்தை நெருங்கிவிட்டது. விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போதே தளம் மூடிக்கொண்டது. இடம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. 2021 நவம்பரிலும் இப்படித்தான். கட்டணம் கட்டும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் மும்பை ஐஐடி இடத்தை இழந்த இன்னொரு தலித் மாணவருக்கு உச்ச நீதிமன்றமே இடம் வாங்கித் தந்தது.

இரண்டு தீர்ப்புகளையும் கொண்டாடுகிறோம். ஆனால் டெல்லி வரை போக முடியாத எத்தனை பேர் இருக்கிறார்கள்? கடைசி நாள் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த நாளில் கையில் பணம் இருப்பதும், வீட்டில் நெட் இருப்பதும், "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று சொல்லக் கல்லூரி படித்த ஒரு சித்தப்பா இருப்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. நிலம், பணம், தொடர்பு எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக ஒரு பக்கம் குவித்துவிட்டு, ஓட்டப்பந்தயத்தின் விசில் மட்டும் பொது என்றால் அது சமத்துவம் ஆகாது.

நாம் என்ன செய்யலாம்

ஊரில் வேலை செய்யும் தோழர்களுக்கும், கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் நாங்கள் சொல்வது இவை.

1. நவம்பரிலேயே தொடங்குங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் அப்போதே விண்ணப்பித்து வாங்குங்கள். மே மாதக் கூட்டத்தில் நிற்கும்போதுதான் ஏஜெண்ட் வந்து கையைப் பிடிப்பார். அருந்ததியர் பிள்ளைகளின் சான்றிதழில் சாதிப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்; 3 சதவீதம் அதை வைத்துத்தான் கிடைக்கும். கிறித்துவ ஆதிதிராவிடர் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோராக வருவார்கள். கல்வி உதவித்தொகையில் ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் வருவார்கள். இரண்டும் வேறு என்பதை வீட்டில் விளக்கிச் சொல்லுங்கள்.

2. விண்ணப்பக் கட்டணம், முன்பணம், சேர்க்கைக் கட்டணம் மூன்றையும் பிரித்துப் பாருங்கள். முதலாவது விண்ணப்பத்துக்கு, அதைத் தேவையான அளவுக்குக் கட்டலாம். பொறியியல் கலந்தாய்வுக்கு நம் பிள்ளைகளுக்கு 250 ரூபாய்தான். மற்ற இரண்டையும் தேர்வு முடிவு வரும் முன் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால் ரசீது, திருப்பித் தரும் விதி, கடைசி நாள் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

3. காத்திருப்புக் காலத்துக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றால் அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேருங்கள். கட்டணம் மிகக் குறைவு. பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். நம் மாவட்டத்திலேயே என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. போடியில் அரசு பொறியியல் கல்லூரி, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, தேனியில் அரசு சட்டக் கல்லூரியும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத் தளமும் தேதியும் தனித்தனி. பொறியியலுக்குப் போட்டால் வேளாண்மைக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்து இருந்துவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

4. கலந்தாய்வில் விருப்பப் பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். "எங்க கல்லூரி கோடு ஒன்னு மட்டும் போடு, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்பவரை நம்பாதீர்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் பிள்ளையின் இடத்தையே கொடுத்த மாதிரி. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் "ஏற்றுச் சேர்கிறேன்", "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்", "இதை விட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறேன்" என்று பல தெரிவுகள் வரும். ஒவ்வொன்றின் பொருளையும் அதற்கான கெடுவையும் முந்தைய ஆண்டு போன சீனியரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும்.

5. ஒவ்வொரு காலனியிலும் இரவுப் பாடசாலை நடக்கும் இடத்தில் ஒரு சுவரில் காலண்டர் எழுதுங்கள். எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பம், எப்போது முடிவு, எப்போது கலந்தாய்வு என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். பிளக்ஸுக்குப் பதில் நம் சுவர் பேசட்டும்.

அரசிடம் கேட்பது

விழிப்புணர்வு என்ற சொல்லோடு இதை முடித்துவிட முடியாது. தனியாரின் காலண்டர் அரசை முந்துகிறது என்றால் அது அரசின் தோல்வி. பிளஸ் டூ முடிவு வரும் முன் எந்தக் கல்லூரியும் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணையிட வேண்டும். நன்கொடைக் கட்டணத்தைத் தடை செய்யும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. முன்பணத்தையும் அதன் வரம்புக்குள் கொண்டுவரலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி இதே தடையை விதிக்க வேண்டும்.

உதவித்தொகை மாணவரின் சாதி ஒடுக்குமுறையையும் வறுமையையும் பார்த்துத் தரப்படுவது. எந்த வாசலில் நுழைந்தார் என்று பார்த்துத் தருவது அதன் நோக்கத்துக்கே எதிரானது. மத்திய அரசு 2018 திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அந்தச் சுமையை மாநில அரசு ஏற்க வேண்டும். 15(5) பிரிவின்படி தனியார் நிறுவனங்களுக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டம் வேண்டும். 2025இல் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே இதைப் பரிந்துரைத்துவிட்டது. பிறகும் தயக்கம் எதற்கு?

இன்னொன்று. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' என்ற முகாம்களை அரசு நடத்துகிறது. கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கும் நல்ல முயற்சி. ஆனால் அது விடுபட்ட பிறகு வருவது. பிடுங்கப்படும் முன்னே வருகிற முகாம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், ஆதிதிராவிடர் நல விடுதியிலும் நவம்பர் மாதமே பெற்றோரை உட்கார வைத்து இந்த விதிகளைச் சொல்ல வேண்டும். அதுவும் பகலில் வேண்டாம். ஜீப் திரும்பிய பிறகு, இரவில்.

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் அண்ணல் அம்பேத்கரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. படித்துத் திரும்பிய அவருக்கு அந்த ஊர் தங்க ஓர் அறைகூடத் தரவில்லை. சாதியின் பெயரால் வெளியேற்றியது. நிபந்தனைகளோடு வருகிற கல்வியைத்தான் நாம் எப்போதும் பெற்றுவந்திருக்கிறோம். ஆனால் இன்று நம் பிள்ளைகள் கைகட்டி நின்று கையெழுத்திட வேண்டியதில்லை. அண்ணல் எழுதிய அரசியலமைப்பு நமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அது கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறது, அவ்வளவுதான். அதுவரை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நிற்பதுதான் இயக்கத்தின் வேலை.

விண்ணப்பத்தை முதலில் போடுவோம். பணத்தைக் கடைசியில் கட்டுவோம். சான்றிதழை யாரிடமும் விட மாட்டோம்.

ஜெய் பீம்.